33 வயதில் போய் ஏடிஹெச்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 33 வயது, ஐடி வேலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன். அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல், படபடப்பும் அவசரமுமாக இருக்கும் நிலை, இருக்கலாம், டாக்டரிடம் காட்டிப் பாருங்கள் என்று பள்ளியில் கவுன்சலிங் தரும் மேடம் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றிப் படிக்கப் போனால் ஒவ்வொரு வரியும் உங்களைப் பற்றியே எழுதியதுபோல் இருந்திருக்கிறது. நெட்டில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினீர்கள், 'வாய்ப்பு அதிகம்' என்று வந்தது. வீட்டுக்காரர் "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்கிறார். அம்மா "சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பேர் வைக்காதே" என்கிறார். நானும் பரிசோதித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இல்லை என்று சொல்லிவிட்டால், அப்போது நான் வெறும் சோம்பேறிதானா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. பரிசோதனையைவிட அதன் முடிவுதான் உங்களைப் பயமுறுத்துகிறது. அதற்கும் வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதினேழு வருடமாக இந்த வேலைதான். ஆரம்பத்தில் பிள்ளைகளை மட்டும்தான் பார்த்தேன். பெரியவர்கள் வர ஆரம்பித்தது உங்கள் வழியில்தான். பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் ஒவ்வொரு அறிகுறியாகக் கேட்கக் கேட்க, அப்பாவோ அம்மாவோ பேச்சைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இது பெரியவங்களுக்கும் இருக்குமா?" என்று கேட்பார்கள். அந்தக் கதவுக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, அது சைக்கியாட்ரிஸ்டின் வேலை. மருந்து பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு பதிவைப் படித்துவிட்டு உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலில் 'பரிசோதனை' என்ற வார்த்தையே நிறையப் பேரைக் குழப்பிவிடுகிறது. ரத்தம் எடுப்பார்கள், தலையில் ஒயர் மாட்டுவார்கள், ரிப்போர்ட் வரும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். ஏடிஹெச்டிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் கிடையாது. கலர் கலராக மூளைப் படம் போட்டு ஒரு பெரிய ஃபைலைக் கொடுத்து, அதற்கென்று நல்ல தொகையும் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை வைத்து உங்களுக்கு ஏடிஹெச்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ இன்றைக்கு யாராலும் முடிவு சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் எழுத்து வரும்போது பட்டனை அழுத்தும் கவனப் பரிசோதனையை நானும் சில சமயம் செய்கிறேன். அது பக்கத்துணை மட்டும்தான். அதில் நன்றாகச் செய்பவருக்கும் ஏடிஹெச்டி இருக்கலாம். புது இடம், புது விளையாட்டு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் இவர்களுக்குக் கவனம் நன்றாகவே நிற்கும்.

உண்மையான பரிசோதனை என்பது நீண்ட பேச்சு. இரண்டு மூன்று மணி நேரம், பெரும்பாலும் இரண்டு அமர்வுகள். எதை அளவுகோலாக வைத்துப் பேசுகிறோம் என்றால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு. கவனம் சம்பந்தமாக ஒன்பது அறிகுறிகள், படபடப்பும் அவசரமும் சம்பந்தமாக ஒன்பது. குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் ஆறு இருக்க வேண்டும்; 17 வயதிலிருந்து ஐந்து போதும். ஆனால் எண்ணிக்கையோடு முடிந்துவிடாது. குறைந்தது ஆறு மாதமாக இருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு, நட்பு என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையாகவே கெடுத்திருக்க வேண்டும். வேறு எதனாலும் இது வரவில்லை என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 12 வயதுக்கு முன்பே இதில் பல அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். 1994 பதிப்பில் இந்த வரம்பு 7 வயதாக இருந்தது, பிறகுதான் தளர்த்தினார்கள்.

நீங்கள் நெட்டில் நிரப்பியது ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்வித்தாளாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, 18 கேள்விகள், முதல் ஆறுதான் அதிகமாகச் சுற்றுகிறது. நல்ல கருவிதான், ஆனால் அது சல்லடை. சல்லடையின் வேலை யாரையும் தவறவிடாமல் இருப்பது, அதனால் இல்லாதவர்களும் நிறையச் சிக்குவார்கள். ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். பெரியவர்களில் 100க்கு இரண்டரைப் பேருக்கு ஏடிஹெச்டி இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படியானால் 1000 பேரில் 25 பேர். சல்லடை அந்த 25இல் 20 பேரைப் பிடிக்கிறது, மீதி 975 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 97 பேர். ஆக 'வாய்ப்பு அதிகம்' என்று வந்த 117 பேரில் உண்மையில் இருப்பவர்கள் 20 பேர், ஆறில் ஒருவர். இந்தப் பத்தில் ஒன்று, 25இல் 20 எல்லாம் நான் புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். விஷயம் என்னவென்றால், அந்த முடிவை வைத்துக்கொண்டு நீங்களே முத்திரை குத்திக்கொள்ளக் கூடாது, அதே சமயம் தூக்கிப் போடவும் கூடாது.

உங்கள் விஷயத்தில் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பையன். இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று வருகிறது. பையனுக்கு இருந்தால் அம்மாவுக்கும் 80 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும் எண் அது. ஆனாலும் பையனுக்கு உறுதியானால், தெருவில் போகும் ஒருவரைவிட உங்களுக்கோ உங்கள் வீட்டுக்காரருக்கோ இருக்க வாய்ப்பு கூடுதல்தான். ஆமாம், அவருக்கும்தான். 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று சொல்பவர்களில் சிலர் தனக்கு இருப்பதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இது இன்ஸ்டாகிராம் காலத்து நோய் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798லேயே கவனம் நிற்காத நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இல் லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தொடர் உரைகளே நிகழ்த்தினார். பெயர்தான் பலமுறை மாறியது. ஆனால் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் ஒரு குழப்பத்தைச் சேர்த்திருப்பது நிஜம். கனடாவில் 2022இல் வந்த ஓர் ஆய்வில் ஏடிஹெச்டி பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 டிக்டாக் வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள்; பாதிக்குச் சற்று மேல் தவறான தகவல். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சோபாவில் கோணலாக உட்கார்வது எல்லாம் அறிகுறி ஆகாது.

சரி, "எல்லாருக்கும் இருக்கிறதுதானே"க்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. சாவியை மறக்காதவர் யார்? ரத்த அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது; அதில் ஒரு அளவுக்கு மேல் போனால் 'பிரஷர்' என்கிறோம். அந்தக் கோட்டை இயற்கை போடவில்லை, மருத்துவர்கள் போட்டார்கள். ஏடிஹெச்டியும் அப்படித்தான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள் நெருக்கமாகவே நிற்கிறார்கள். நான் பார்ப்பது மறதி இருக்கிறதா என்பதை அல்ல. அது என்ன விலை வாங்கியிருக்கிறது, எத்தனை வருடமாக வாங்குகிறது என்பதை.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இரண்டு மூன்று பேரைக் கலந்துதான் சொல்கிறேன், யாரும் தேட வேண்டாம். பிளஸ் டூவில் 1200க்கு 1140. "இவளுக்குப் போய் கவனக் குறைவா?" என்று யாரும் கேட்பார்கள். ஆனால் அந்த 1140ஐ எடுத்தது ஒரு குடும்பம். அப்பா நாலரை மணிக்கு எழுப்பி எதிரில் உட்கார்ந்துகொள்வார். அம்மா டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவார். டியூஷன் சார் தினமும் டெஸ்ட் வைப்பார், மார்க் குறைந்தால் அன்றே வீட்டுக்கு ஃபோன் வரும். இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்குப் போனாள். நாலரை மணிக்கு எழுப்ப ஆள் இல்லை. முதல் வருடத்திலேயே அரியர் விழுந்தது. அதற்குப் பிறகு கல்யாணம், வேலை, குழந்தை. கட்டடத்தைச் சுற்றி நின்ற சாரத்தைப் பிரித்ததும் சுவர் விரிசல் விட்டது போல. என் எதிரில் உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். மேஜைமேல் வந்து விழுந்தவை: மூடி இல்லாத மூன்று பேனா, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், கசங்கிய மருந்துச் சீட்டுகள், மாமனார் கொடுத்து பேங்கில் போடாமலே மூன்று மாதம் கடந்து காலாவதியான ஒரு செக். ரிப்போர்ட் இல்லை. ஆட்டோவில் விட்டிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள்; அந்தச் சிரிப்பில் எவ்வளவு வருடப் பழக்கம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பெண்கள் விஷயத்தில் இது அடிக்கடி தவறிப்போகிறது. வகுப்பில் பெஞ்ச் ஏறிக் குதிக்கும் பையனை மிஸ் கவனிப்பார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் வேறு உலகத்தில் இருக்கும் பெண்ணை யார் கவனிப்பார்கள்? சின்ன வயதில் பையன்களுக்கே அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரியவர்களானதும் ஆண் பெண் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் '33 வயதில் போயா' என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இதே மாதிரி தெரிந்து, வேறு காரணமாக இருப்பதும் ஏராளம். இந்த இடத்தில்தான் நான் மிக நிதானமாகப் போவேன். தூக்கம் கெட்டவருக்குக் கவனம் நிற்காது. தைராய்டு குறைந்தால் மந்தம், மறதி. நம் ஊர்ப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். மனச்சோர்வு வந்தவர் ஒரே பக்கத்தை நாலு முறை படிப்பார். பதற்றம் இருப்பவரின் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டே இருக்கும். மனநிலை மிக ஏறியும் மிக இறங்கியும் மாறும் பைபோலார் நோயின் ஏற்றக் கட்டத்தில் வரும் படபடப்பை ஏடிஹெச்டி என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். ஒருமுறை நாற்பதைத் தாண்டிய ஒருவர் வந்தார். மீட்டிங்கில் கவனம் இல்லை, பெயர்கள் மறக்கின்றன, மனைவியோடு சண்டை. பேசிக்கொண்டே போனதில் பள்ளிக்காலத்தில் இப்படி எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை எல்லாம் நான்கு வருடத்துக்கு உள்ளே. கூட வந்த மனைவியிடம் குறட்டை பற்றிக் கேட்டேன். "அடுத்த தெருவுக்குக் கேட்கும், நடுவில் மூச்சே நின்ற மாதிரி ஆகும்" என்றார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஏப்னியா. அதற்குரிய சிகிச்சைக்குப் போனார், கவனம் திரும்பியது. எனவே என் முதல் கேள்வி எப்போதும் 'எப்போதிலிருந்து?' என்பதுதான். பிரசவத்துக்குப் பிறகு, அப்பா இறந்த பிறகு, நைட் ஷிஃப்ட் போன பிறகு என்று ஒரு தேதி சொல்ல முடிந்தால் நான் முதலில் அந்தத் தேதியைத்தான் தோண்டுவேன். 'நினைவு தெரிந்த நாளிலிருந்தே' என்றால் கதை வேறு. நீங்கள் போவதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்பு, பி12 பார்த்துவிட்டுப் போனால் நேரம் மிச்சம்.

இதில் நிபுணர்களுக்குள்ளேயே முடியாத ஒரு சண்டை இருக்கிறது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 38 வயதில் ஏடிஹெச்டி அளவுகோலுக்குள் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதில் அது இருந்ததாகப் பதிவே இல்லை. அப்படியென்றால் பெரியவர்களுக்குப் புதிதாக வருமா? 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அப்படித் தாமதமாக வந்ததுபோல் தெரிந்தவர்களைக் கிளறிப் பார்த்து, பெரும்பாலும் போதைப் பழக்கம், வேறு மனநலப் பிரச்சினை என்று காரணம் கண்டது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் அந்த டாப்பர் பெண்ணைப் போல, சாரம் தாங்கியதால் சிறுவயதில் தெரியாமல் போனவர்களையும் பார்த்திருப்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் போகலாமா? என் கருத்தைச் சொல்கிறேன். வேலையில் எச்சரிக்கைக் கடிதம், லேட் ஃபீஸ் கட்டியே கரைந்த பணம், அடிக்கடி வண்டியில் விழுவது, வேலையை விட்டுவிட்டு வேலை மாறுவது, 'உன்னை நம்பி ஒரு காரியம் கொடுக்க முடியாது' என்ற பேச்சால் விரிசல் விட்ட உறவு, இதில் இரண்டு மூன்றாவது சின்ன வயதிலிருந்து வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டிருந்தால் போங்கள். நீங்கள் எழுதியதில், ராத்திரி ஒரு மணிக்கு டெட்லைனோடு அழுவது, இரண்டு கம்பெனியில் 'திறமை இருக்கிறது, ஆனால்' என்ற அதே அப்ரைசல், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாசனை வந்த அந்தக் காலை, இவை எனக்கு அலட்சியப்படுத்தும் விஷயமாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக வேலை செய்யலாமே என்பதற்காகவோ, தோழிக்கு இருக்கிறது எனக்கும் இருக்குமோ என்பதற்காகவோ என்றால் அவசரமே இல்லை. வீட்டில் பெரிய கலவரம் நடந்துகொண்டிருக்கும்போதும், மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதபோதும் ஏடிஹெச்டி பரிசோதனை செய்தால் படம் கலங்கலாகத்தான் வரும். முதலில் தூங்குங்கள். ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எந்த வரிசையும் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள், அல்லது 14416க்கு, அதாவது அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசலாம்.

யாரிடம் போவது? சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். அவர் மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில். வெறும் 'மைண்ட் கோச்' போர்டுகளை விட்டுவிடுங்கள். தனியாரில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் ஒரு கவலை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794 முதல் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை வைத்து நாம் அடித்த ஜோக்கை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு அங்கே வெளிநோயாளியாகப் போகலாம். கூட்டம் இருக்கும். பெரியவர்களுக்கான ஏடிஹெச்டி பார்க்கிறார்களா என்று போகும் இடத்தில் முன்பே கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் எல்லோருக்கும் இதில் பழக்கம் இல்லை.

இரண்டு விதமான ஆட்களிடம் எச்சரிக்கை. பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, சின்ன வயதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் 'உங்களுக்கு இருக்கிறது' என்று மருந்துச் சீட்டு கிழிப்பவர் ஒருவர். "டிகிரி முடிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று உட்காரும் முன்பே எழுப்பி அனுப்புபவர் இன்னொருவர். இரண்டு பேருமே பரிசோதிக்கவில்லை. இன்னொரு இடத்தில் கருத்துக் கேளுங்கள்.

இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? மருந்தைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இங்கே பெரும்பாலும் பேசப்படுபவை மெத்தில்ஃபெனிடேட், ஆட்டமாக்சிடின். அமெரிக்க வீடியோக்களில் வரும் ஆடரால் என்ற மருந்து இந்தியாவில் கிடையாது. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் பல மருந்துக்கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. சீட்டை வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். இதெல்லாம் என்னிடம் வருபவர்கள் தவறாமல் சொல்வது. பலன் பற்றிச் சொன்னால், சில வாரம், சில மாதம் என்ற அளவில் இந்த மருந்துகள் வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த விஷயம். வருடக்கணக்கில் என்ன ஆகிறது என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்துச் செய்து 1999இல் வெளியான எம்டிஏ ஆய்வில் 14 மாத முடிவில் மருந்து வாங்கிய குழுக்கள் முன்னால் இருந்தன. மூன்று வருடத்தில் குழுக்களுக்கு இடையே அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறுவது உண்டு. வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு இருந்தாலோ, இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருந்தாலோ வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து தவிர மீதி வேலை, அந்த டாப்பர் பெண்ணின் அப்பா அம்மா செய்ததை இப்போது அவமானமில்லாமல் நீங்களே திரும்பக் கட்டிக்கொள்வது. கதவோரம் ஒரே ஆணியில் சாவி, பில் எல்லாம் தானாகக் கட்டும் ஏற்பாடு, எழுதும்போது எதிரில் வீடியோ காலில் ஒரு தோழி. சின்ன விஷயமாகத் தெரியும். முறையாகச் சொல்லித்தரும் சிகிச்சையும் இருக்கிறது.

முத்திரை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆபீஸில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மனநலச் சிகிச்சைக்கும் உடல்நலச் சிகிச்சை போலவே இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் புதிதாக மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது முன்பிருந்தே உள்ள பிரச்சினைகளைக் கேட்டால் மறைக்காதீர்கள், பின்னால் க்ளெய்ம் சிக்கலாகும். சான்றிதழ் வாங்கினால் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. பையனுக்கு அதுவும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வகையில் உபயோகமானது.

இப்போது அந்தக் கடைசி வரி. இல்லை என்று சொல்லிவிட்டால்? முதலாவது, 'சோம்பேறி' என்பது எங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஏடிஹெச்டி இல்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு கதவைத் தட்ட வேண்டும் என்று அர்த்தம். தைராய்டாக இருக்கலாம், பத்து வருடமாகப் பேர் வைக்காத மனச்சோர்வாக இருக்கலாம், கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நிற்பவராக இருக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் ஆணியில் சாவி மாட்டும் வித்தை வேலை செய்யும். ஒன்று கவனித்தேன்: செய்யாமல் இருப்பதில் சோம்பேறிக்கு ஒரு சுகம் உண்டு. நீங்கள் செய்யாமல் இருந்த ராத்திரிகளைப் பற்றி எழுதியதில் சுகம் எதையும் காணோம்.

பையனுடைய பரிசோதனையை உங்களுடையதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், அவனுடையதை முதலில் முடியுங்கள். அவன் வகுப்பிலேயே வயதில் சின்னவனா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் கூடுதலாகச் சூட்டப்படுவது பல நாடுகளில் தெரிந்த விஷயம். டாக்டர் குடும்ப வரலாறு கேட்கும்போது உங்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் முறை வரும்போது, அம்மா வீட்டுப் பரணில் பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். மார்க்கைவிட, ஓரத்தில் மிஸ் எழுதிய வரிகள்தான் எங்களுக்கு வேண்டும். 'புத்திசாலி, ஆனால் வகுப்பில் கவனம் இல்லை', 'வீட்டுப்பாட நோட்டு கொண்டு வருவதில்லை' என்று மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் வேறு வேறு கையெழுத்தில் இருந்தால் அது பாதிப் பரிசோதனை. முடிந்தால் அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். சோம்பேறித்தனம் என்று சொல்பவர்தானே என்று யோசிக்காதீர்கள். எத்தனை வாட்டர் பாட்டில் தொலைத்தாள், எத்தனை ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று நாங்கள் கேட்டால், வருட வாரியாகக் கணக்குச் சொல்லப்போவது அவர்தான்.